அம்மான் கொண்டுவந்த கேம் பாயில் பாட்டுப் போட முடியுமா?

கேள்வி இதுதான்: "கானாடுகாத்தானில் ஆயா வீட்டை வெள்ளையடிக்கத் திறந்தோம். இரண்டாங்கட்டு அறையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள், அம்மான் 90களில் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த கேம் பாய் கிடைத்தது. சாம்பல் நிறம், செங்கல் மாதிரி தடிமன். பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறது. இதில் இசை அமைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் பேக்லைட் போடு என்கிறார், இன்னொருவர் புரோசவுண்ட் செய் என்கிறார், மூன்றாமவர் கிரிஸ்டலை மாற்று என்கிறார். எதை முதலில் செய்வது? நம் ஊர் இசை இதில் வருமா அண்ணே?"

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆசையில் புது பேட்டரியைப் போட்டு ஆன் செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் பரவாயில்லை, கழற்றி வையுங்கள்.

அப்பா காரைக்குடியில் மைக் செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஒயர்ச் சுருளும்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். அந்தப் பழக்கத்தில் இன்றுவரை பழைய வீடியோ கேம்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். என் கையில் உயிர் பிழைத்தவையும் உண்டு, என்னால் செத்தவையும் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் பெட்டியில் இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. சுத்தம் செய்யுங்கள், அப்புறம் ஒலியை நேராக வெளியே எடுங்கள், புரோசவுண்ட் என்பது அதுதான். திரைக்கு விளக்கு வைக்கும் பேக்லைட், பெட்டியின் வேகத்தை மாற்றும் கிரிஸ்டல் எல்லாம் அதில் இரண்டு பாட்டாவது முழுசாகப் போட்டு முடித்த பிறகு பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது முதல் கேம் பாய், கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம். பின்பக்க லேபிளில் டிஎம்ஜி 01 என்று இருக்கும். 1989 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. நின்டென்டோ நிறுவனத்தில் குன்பெய் யொகோய் தலைமையில் செய்தது. பின்னால் கலர் கேம் பாய் வந்தது, கேம் பாய் அட்வான்ஸ் வந்தது, ஆனால் இசை போடுகிறவர்கள் இன்னும் தேடுவது இந்தச் சாம்பல் செங்கல்லைத்தான். காரணம் அடித்தொனி. கலர் மாடலில் கீழ்ச்சுரங்கள் மெலிந்து கேட்கும், இதில் வயிறு நிறைய வரும். ஆகவே அம்மானுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

சரி, பச்சை. அது செம்பு கலந்த உலோகம் அரித்த உப்பு. அரிக்கவைத்தது எந்த பேட்டரி என்பதைப் பொறுத்து மருந்து மாறும். அல்கலைன் பேட்டரி என்றால் கசிந்தது காரம், அதற்கு வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைக்க வேண்டும். நம் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண துத்தநாக பேட்டரி என்றால் கசிவு அமிலத் தன்மையுள்ளது, அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூச வேண்டும். பழைய பேட்டரி உள்ளேயே இருந்தால் அதன் உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எதுவாக இருந்தாலும் கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து ஒருநாள் காயவிடுங்கள். ஆயா பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளியை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். பளபளப்பாக வரும், உண்மைதான். ஆனால் அதன் சக்கை தகட்டின் சந்தில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியும் உலோக அரிப்பும் ஆராய்வதற்கென்றே சிக்ரி என்று 1953இல் திறந்த தேசிய ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. இங்கே இருந்துகொண்டு புளி போட்டோம் என்றால் சிரிப்பார்கள்.

பிறகு பிரிக்க வேண்டும். வெளித் திருகு ஆறு. நான்கு பின்முதுகில், இரண்டு பேட்டரிக் குழிக்குள். எல்லாம் மூன்று கால் திருகு, சாதாரண ஸ்டார் திருப்புளி பிடிக்காது. பால்பாயிண்ட் பேனா முனையை நெருப்பில் இளக்கி திருகின் தலையில் அழுத்தி அச்செடுக்கும் வித்தை ஒன்று உண்டு. ஒருமுறை பலிக்கும், இரண்டாம் முறை திருகின் தலை வழுவிவிடும். திருப்புளியை வாங்கிவிடுவதே நல்லது. திருகெல்லாம் கழன்றதும் வாழைப்பழத் தோலைப் போல் வெடுக்கென்று உரிக்காதீர்கள். முன்பாதி, பின்பாதி இரண்டையும் ஒரு மெல்லிய நாடாக் கேபிள் இணைக்கிறது. அதைச் சாய்க்காமல் நேராக மேலே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஸ்டார் திருகு.

உள்ளே போனதும் பவர் ஸ்விட்சைக் கவனியுங்கள். ஆட்டினால் அணைந்துபோகும், பாட்டு நடுவில் தானாக ரீசெட் ஆகும் கேம் பாய்களில் பெரும்பாலும் கோளாறு ஐசியில் இருக்காது, இந்த ஸ்விட்சின் உள்தகட்டில்தான் இருக்கும். ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பல சமயம் அதோடு முடிந்தது. வால்யூம் சக்கரம் கரகரத்தால் அதற்கும் இதே வைத்தியம். கேசட்டை ஊதிப் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஊதியதால் அது வேலை செய்வதில்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் செய்கிறது. வாய் ஈரம் தகட்டைக் கெடுக்கும்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி: இதில் என்ன இசை வரும்?

அந்தப் பெட்டிக்குள் நான்கு குரல்தான் உண்டு. இரண்டு சதுர அலை, ஒரு வடிவ அலை, ஒரு இரைச்சல். சதுர அலைக்கு நான்கு அகலம், அதாவது ஒரு சுற்றில் அலை உயர்ந்து நிற்கும் பங்கு: 12.5, 25, 50, 75 சதவீதம். 12.5 மூக்கால் பாடும், 50 உள்ளீடற்ற மூங்கில் போல ஒலிக்கும். 25க்கும் 75க்கும் காதில் வித்தியாசம் தெரியாது. வடிவ அலை என்பது 32 படிகள், ஒவ்வொரு படிக்கும் 16 உயரம். அந்த வடிவத்தை நீங்களே வரையலாம். இரைச்சலில் இரண்டு வகை. நீண்டது மழை மாதிரி, குட்டையானது 127 படியிலேயே திரும்பத் திரும்ப வருவதால் உலோகம் தட்டியது போல் கேட்கும். ஜால்ராவுக்கு நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு குரலையும் இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டு பக்கமும் என்று ஒதுக்கலாம். ஹெட்போன் மாட்டினால்தான் அந்த ஸ்டீரியோ கிடைக்கும். பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று.

நம் ஊர் இசை வருமா என்றால், எங்கே வரும், எங்கே வராது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். காரைக்குடி என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் வீணை ஞாபகம் வரவேண்டும் என்பது என் கட்சி. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் பாணிக்கே காரைக்குடி பாணி என்றுதான் பெயர். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர், இளையவர் 1952இல் சங்கீத கலாநிதி ஆனவர். வீணையில் ஒரே மெட்டுக்கட்டையில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வழுக்கி மேலே போகும். கமகத்தின் உயிர் அங்கேதான். கேம் பாயில் கம்பி இல்லை, படிக்கட்டு இருக்கிறது.

அந்தப் படிக்கட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சதுர அலையின் அதிர்வெண் 131072ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தால் வருவது. வகுக்கும் எண் 1 முதல் 2048 வரை. 1002ஆல் வகுத்தால் 130.8 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு கட்டைக்குச் சட்ஜம், கீழ் ஸ்தாயி. அடுத்த படி 1001ஆல் வகுப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் 0.13 ஹெர்ட்ஸ், அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கைவிடக் குறைவு. எந்தக் காதுக்கும் படி தெரியாது, வழுக்கல்தான் தெரியும். அதே சட்ஜத்தை மூன்று ஸ்தாயி மேலே கொண்டுபோங்கள். 1046.5 வேண்டும். 125ஆல் வகுத்தால் 1048.6, 126ஆல் வகுத்தால் 1040.3. நடுவில் ஒன்றும் கிடையாது. படியின் உயரம் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டே வந்துவிட்டது. அங்கே கமகம் செய்தால் பல்லில் மணல் கடித்தது போல் இருக்கும், சுருதியும் சற்றுத் தள்ளியே நிற்கும்.

ஆகவே நான் கண்ட வழி இது. வழுக்கிப் பாட வேண்டியதை மந்தரத்திலும் மத்தியத்தின் கீழ்ப்பாதியிலும் வையுங்கள். மேலே போனால் நிறுத்தி நிறுத்தித் தொடுங்கள். முதல் முயற்சியைக் கமகம் நிறைந்த தோடி ராகத்தில் ஆரம்பித்து மனம் உடைந்துபோகாதீர்கள், நான் உடைந்திருக்கிறேன். மோகனம் எடுங்கள். சுரங்கள் நேராக நிற்கும் ராகம், இந்தப் பெட்டிக்கு அது இதமாக உட்காரும்.

இசை போட ஒரு நிரல் வேண்டும். புழக்கத்தில் பெரியவை இரண்டு. நானோலூப், ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ 1998 வாக்கில் எழுதியது. கட்டங்களில் புள்ளி வைத்துச் சுழற்றுவது, கோலம் போடுகிற மாதிரி. இன்னொன்று லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்எஸ்டிஜே, சுவீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000இல் கொண்டுவந்தது. எனக்கு இரண்டாவதுதான் கைவசம். அதில் சுரங்களை மேலிருந்து கீழாகக் கணக்கு நோட்டு மாதிரி எழுதிக்கொண்டே போக வேண்டும். 16 வரி கொண்டது ஒரு துண்டு. துண்டுகளைக் கோத்தால் ஒரு சங்கிலி. சங்கிலிகளை நான்கு குரலுக்கான நான்கு பத்தியில் அடுக்கினால் பாட்டு. வரி எண்கள் 0 முதல் 9 வரை போய், அப்புறம் ஏ முதல் எஃப் வரை வரும். முதல் வாரம் அதுதான் குழப்பும். வட்டிக் கணக்கும் ஐந்தொகையும் பார்த்த குடும்பம் உங்களுடையது, சமாளித்துவிடுவீர்கள்.

16 வரி என்பது ஆதி தாளத்துக்குச் செய்து வைத்த மாதிரி: எட்டு அட்சரம், அட்சரத்துக்கு இரண்டு வரி. ஏழு அட்சர மிஸ்ர சாபு வேண்டுமென்றால் 14 வரியோடு துண்டை முடிக்க வேண்டும். அதற்கு எச் என்று ஒரு கட்டளை உண்டு. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஈ என்ற வரியில் அதை வைத்தால், அந்த வரியை வாசிக்காமல் அடுத்த துண்டுக்குத் தாவிவிடும். ஆனால் நான்கு குரலின் துண்டுகளிலும் வைக்க வேண்டும். ஒன்றில் மறந்தால் தவில் ஒரு பக்கம், நாகசுரம் ஒரு பக்கம் போகும். ஐந்து அட்சர கண்ட சாபுவுக்கு 10 வரி, ஏ என்ற வரியில் எச். குரூவ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை நொடித்துண்டு என்று எழுதியிருக்கும், எடுத்தவுடன் 6, 6 என்று இருக்கும். அதை 8, 4 ஆக்கிப் பாருங்கள். தட்டையாக நடந்த தாளம் நொண்டி ஆட ஆரம்பிக்கும். கிராமத்து மேளத்துக்கு அந்த நொண்டல் வேண்டும்.

தவிலுக்கு இரண்டு வழி. முதல் வழி, செயற்கையாகச் செய்வது. குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பிக்கு முதல் சதுர அலையை உயரத்தில் தொடங்கிச் சடாரென்று கீழே வழுக்கவிட வேண்டும். அந்தக் குரலுக்கு மட்டும் வழுக்கும் வசதி சிப்பிலேயே இருக்கிறது. கூடு மாட்டிய விரல் மறுபக்கமான வலந்தலையில் விழும் சொடுக்குக்கு, உடனே அணைந்துவிடும் இரைச்சல். இரண்டாம் வழி, உண்மைத் தவிலையே பதிவு செய்து உள்ளே ஏற்றுவது. எல்எஸ்டிஜே பேட்சர் என்று கணினியில் ஓடும் ஒரு துணைக்கருவி இருக்கிறது. அது ஒலித்துண்டுகளை நொடிக்கு 11,468 சாம்பிள், 4 பிட் என்று அரைத்து வடிவ அலைக் குரலுக்குக் கொடுக்கும். ஒரு தொகுப்புக்கு மொத்தமே சுமார் 2.8 நொடிதான் கொள்ளும், ஆகவே ஒவ்வோர் அடியையும் கால் நொடிக்குள் வெட்ட வேண்டும். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். பதிவு செய்தது தெருமுனையில் பழைய ரேடியோ பாடுகிற மாதிரி இருந்தது, செயற்கையாகச் செய்தது இந்தப் பெட்டியே பாடுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பின்னதுதான் பிடித்தது. தவில் வாசிக்கிற என் நண்பருக்கு முன்னது பிடித்தது.

சுருதிக்கு வடிவ அலையைக் கொடுத்துவிட்டால் பிறகு பாட்டுக்கு இரண்டு சதுர அலை, தாளத்துக்கு இரைச்சல். நாகசுரத்துக்கு 12.5 சதவீத அகலம். இரண்டு சதுர அலையையும் ஒரே சுரத்தில் வைத்து ஒன்றை ஒரு மயிரிழை தள்ளிவிட்டால், ஜோடி ரீட் ஆர்மோனியம் மாதிரி ஒரு நடுக்கம் வரும். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் சி என்ற கட்டளை ஒரே குரலை நொடிக்குப் பல பத்துத் தடவை மூன்று சுரத்துக்கும் ஓடவிடும், காது அதை ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். சி 47 மேஜர், சி 37 மைனர். வீடியோ கேம் பாட்டு என்றதும் நினைவுக்கு வரும் அந்தக் குறுகுறுப்பு இதுதான். அளவோடு போடுங்கள். கருவேப்பிலை மாதிரி.

இங்கே ஒரு சின்னக் கதை. ஒரு கோயில் திருவிழாவுக்கு எங்கள் செட் போயிருந்தது. சாயங்காலம் நான்கு மணி, கூட்டம் இல்லை. மைக் சோதனை செய்கிற சாக்கில் என் கேம் பாயை ஆம்ப்ளிஃபையரில் சொருகிவிட்டேன். குழாய் ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டதும் எனக்கே திகைப்பு. சுருதியைக் காணோம், தொப்பியைக் காணோம், 12.5 சதவீத அகலத்தில் வைத்த மேல் வரி மட்டும் ஊசி மாதிரி ஊருணிக் கரை வரை போகிறது. குழாய் ஸ்பீக்கருக்கு வெண்கலத் தொண்டை. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது விழுங்கிவிடும். ஓரமாகத் திண்ணையில் ஊதுமுனையான சீவாளியைச் செதுக்கிக்கொண்டிருந்த நாகசுரக்காரர் தலை நிமிர்ந்து, "யாரப்பா அது, சுருதி சேராமல் வாசிக்கிறது?" என்றார். அவர் கேட்டது கிண்டலா உண்மையா என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து எந்த ஸ்பீக்கரில் கேட்கப்போகிறார்கள் என்று தெரியாமல் பாட்டு அடுக்குவதில்லை.

இப்போது புரோசவுண்ட். பெயர்தான் பெரிசு, வேலை சின்னது. கேம் பாயின் ஹெட்போன் துளைக்கு வரும் ஒலி, உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரைத் தாண்டி வருகிறது. அந்த ஆம்ப்ளிஃபையர் தன் பங்குக்கு 'ஸ்ஸ்' என்ற சத்தத்தையும் திரைக்கு மின்சாரம் தயாரிக்கும் பலகையின் முனகலையும் சேர்த்துவிடுகிறது. ஹெட்போனில் பெரிசாகத் தெரியாது, ஆயிரம் வாட் செட்டில் போட்டால் தெரியும். ஆகவே ஒலி வால்யூம் சக்கரத்துக்குள் நுழையும் முன்பே ஒயர் பற்றவைத்து வெளியே எடுத்துவிடுகிறோம்.

பலகையில் வால்யூம் சக்கரத்தின் கால்களைத் திருப்பிப் பாருங்கள். நமக்கு வேண்டியது மூன்று: இடது, வலது, பூமி (எர்த்). பூமியைக் கண்டுபிடிக்க மல்ட்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் கழித்தல் தகட்டில், மறுமுனையை ஒவ்வொரு காலிலும் தொடுங்கள். பீப் அடிப்பது பூமி. பெட்டி ஓடும்போது, மைக் ஒயரின் நடுக்கம்பியை ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக மற்றக் கால்களில் தொட்டுக் கேளுங்கள். சக்கரத்தைத் திருப்பினாலும் சத்தம் மாறாத கால்கள்தான் உள்ளே வரும் பக்கம். அங்கே பற்றவையுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். காலையும் ஒயரையும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு நொடி தொட்டு எடுத்துவிடுங்கள். ஈயம் பாதரசம் மாதிரி பளபளத்து ஓடிப் பரவினால் சரி. சாம்பல் நிறத்தில் உருண்டை கட்டினால் மறுபடி செய்யுங்கள். ஒயர் பழைய மைக் கேபிளின் உறை போட்ட ஒயராக இருக்கட்டும், சும்மா காலிங் பெல் ஒயர் வேண்டாம். அந்த கெபாசிட்டரை இடது ஒன்று, வலது ஒன்று என்று தொடரிலேயே வைத்துவிட்டால் மிக்சருக்கும் நல்லது, உங்களுக்கும் பயம் இல்லை. எடுத்த ஒலி ஆக்ஸ் மட்டத்தில் இருக்கும், மைக் துளையில் சொருகாதீர்கள். இதற்குச் சக்கரம் கட்டுப்படாது, கூட்டல் குறைத்தல் எல்லாம் மிக்சரில்தான். ஹெட்போன் துளை வழக்கம்போல வேலை செய்யும்.

துளை போட வேண்டுமே என்பீர்கள். அம்மானின் பெட்டியில் டிரில் வைக்காதீர்கள். கேம் பாய்க்கு நகல் வெளிக்கூடு தனியாக விற்கிறார்கள், அதில் துளை போட்டு உள்பலகைகளை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அசல் கூட்டைத் துணியில் சுற்றி அதே டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெரு பழஞ்சாமான் கடைகளில் ஒரு கதவு நிலைக்குச் சொல்லும் விலையைப் பார்த்த ஊர்க்காரருக்கு அசலின் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேக்லைட் விஷயத்தில் என் கை சுட்டிருக்கிறது. இந்தத் திரைக்கு உள்விளக்கு கிடையாது, வெளிச்சம் பட்டுத்தான் தெரியும். பழைய முறையில், திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளிப் பிரதிபலிப்புத் தாளை பிளேடால் உரித்து எடுத்து, அங்கே ஒளித்தகட்டையும் துருவமுனைப்புத் தாளையும் செருக வேண்டும். முப்பது ஆண்டு காய்ந்த பசை அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். என் முதல் பெட்டியில் பிளேடு ஒரு கடுகளவு ஆழமாகப் போனது. கண்ணாடியின் ஓரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆன் செய்தால் கரும்புள்ளி மை சிந்தியது போல் பரவிக் கிடந்தது. இப்போது திரையையே மாற்றும் ஐபிஎஸ் என்ற புதுவகைத் திரைத் தொகுப்புகள் வந்துவிட்டன, வேலை சுலபம், படம் பிரமாதம். ஆனால் அவை பேட்டரியைக் கூடுதலாகக் குடிக்கும், சிலவற்றின் கீச்சொலி ஒலியிலும் ஏறும். இசைக்கென்று வைத்துக்கொள்ளும் பெட்டியில் அதை ஏன் செய்ய வேண்டும்? முற்றத்து ஓரம் உட்காருங்கள், வளவில் வெளிச்சத்துக்கா பஞ்சம்? திரையில் நெடுக்காகச் சில கோடுகள் மட்டும் காணாமல் போயிருந்தால் அதற்கு வேறு வைத்தியம்: திரையின் அடிப்பக்க நாடா இணைப்பின் மேல் குறைந்த சூட்டில் சால்டரிங் அயர்னை மெதுவாக ஓட்டினால் விட்டுப்போன கோடுகள் திரும்பி வரும். நின்று ஒரே இடத்தில் அழுத்தினால் போயே போய்விடும்.

கிரிஸ்டல் மாற்றச் சொன்னவர் விஷயம் தெரிந்தவர், ஆனால் அவசரக்காரர். பெட்டியின் இதயத்துடிப்பு நொடிக்கு 41,94,304, அதாவது இரண்டை 22 தடவை பெருக்கினால் வருவது. அந்தக் கிரிஸ்டலுக்குப் பதில் எல்டிசி 1799 என்ற ஐசியும் ஒரு திருகு மின்தடையும் வைத்தால் துடிப்பை நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கலாம். இறக்கினால் சுருதியும் இறங்கும், தாளமும் சேர்ந்தே மெதுவாகும், திரை மினுக்க ஆரம்பிக்கும். விளையாட்டுக்குச் செய்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு ஒரே ஒரு உண்மையான பயன் தெரிகிறது. நாகசுரம் கட்டைக்குச் சரியாக நிற்காமல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும், அவர் நமக்காக மாற மாட்டார். எல்எஸ்டிஜே டிரான்ஸ்போஸ் அரைக் கட்டை அரைக் கட்டையாகத்தான் நகரும். நடுவில் நிற்க வேண்டுமென்றால் துடிப்பைத் தொட்டாக வேண்டும். நாகசுரக்காரர் ஒருவர் உங்களோடு சேர்ந்து வாசிக்கச் சம்மதிக்கிற நாளில் சொல்லுங்கள், நானே வந்து செய்து தருகிறேன்.

மிடி கீபோர்டில் வாசிக்க வேண்டுமானால் ஆர்டுயினோபாய் என்ற சின்னப் பலகையை இணைப்புத் துளையில் மாட்டி, உள்ளே எம்ஜிபி என்ற நிரலை ஓட்டலாம். அதற்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உறவில் இன்னொரு கேம் பாய் அகப்பட்டால், இணைப்பு ஒயரால் இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டி எட்டுக் குரலாக்கலாம்.

பரணில் டிவி கேம் கிடைத்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊரில் 90களில் வந்த பெரும்பாலானவை 1983இன் ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள். அதில் ஐந்து குரல்: சதுரம் இரண்டு, முக்கோணம், இரைச்சல், பதிவு ஒலி. முக்கோண அலைக்கு வால்யூம் கிடையாது, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. அசல் பெட்டியில் சிப்பின் இரு கால்களில் ஒலி பிரிந்து வரும், அதை வைத்து ஒரு ஸ்டீரியோ செய்யலாம். நகல்களில் எல்லாம் ஒரே கருப்புப் பிசின் பொட்டுக்குள் புதைந்திருப்பதால் அந்தப் பாக்கியம் பெரும்பாலும் இல்லை. இன்னொரு வேடிக்கை, பல நகல் சிப்புகளில் 25, 50 சதவீத அகலங்கள் இடம் மாறியிருக்கும். சின்ன வயதில் நாம் கேட்டுப் பழகிய பாட்டை அசல் பெட்டியில் கேட்டால் ஏதோ தொண்டை கட்டிய மாதிரி தோன்றுவது அதனால்தான். எனக்கு இன்னும் நகல்தான் அசலாகக் கேட்கிறது.

மின்சாரத்துக்கு நான்கு பென்சில் பேட்டரியே போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடாப்டர் வேண்டாம் என்பேன். இந்தப் பெட்டியின் துளையில் நடுமுள் கழித்தல், கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டரில் நடுமுள் கூட்டல். ஒருமுறை கடையில் "எல்லாத்துக்கும் செட்டாகும்" என்று கொடுத்ததை நம்பிச் சொருகி, ஒரு புகைக்கோடு எழும்பியதைப் பார்த்தேன். சரியான அடாப்டரே கிடைத்தாலும் மெயின்ஸ் ரீங்காரம் ஒலியில் ஏறும்.

கடைசியாக, கேசட். எல்எஸ்டிஜேக்கு, கணினியிலிருந்து நிரலை ஏற்றிக்கொள்ளும் ஃபிளாஷ் கேசட் ஒன்று வாங்க வேண்டும். வாங்கும்போது 128 கிலோபைட் சேமிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், அதற்குக் குறைந்தால் முழுசாக ஓடாது. அதுவரை கணினியில் கேம் பாய் போலவே நடந்துகொள்ளும் ஒரு எமுலேட்டரில் பழகிக்கொள்ளலாம். பல கேசட்டில் சேமிப்பைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் பாட்டு எல்லாம் போச்சு. என் மோகனம் அப்படித்தான் போனது. மூன்று வாரத்து வேலை, கணினியில் பிரதி எடுக்கச் சோம்பல் பட்டிருந்தேன். சுருதி அலைக்கு நான் வரைந்த 32 படியும் மறந்துபோய், இரண்டாவது தடவை போட்டது முதலாவது மாதிரி வரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரதி எடுத்துவிடுங்கள்.

மூன்று கால் திருப்புளி என்னிடம் இரண்டு இருக்கிறது. தை மாதம் முன்னோர் படைப்புக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள், பெட்டியையும் இரண்டு மீட்டர் மைக் ஒயரையும் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வந்துவிடுங்கள். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.